ஏரிக்கரை ஏற ஒரு முட்டுக்கம்பி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விழுப்புரத்தில் நான் குடியிருக்கும் அபார்ட்மெண்ட் வாசலில், என் சொந்த வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டேன். விபத்தெல்லாம் இல்லை. நானாகத்தான் படுத்தேன், நானாகத்தான் நுழைந்தேன். நுழையும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. உள்ளே போனதும் மறந்துபோய் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் வயிறு வெளியே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டது. வாட்ச்மேன் வந்து இரண்டு காலையும் பிடித்து, நெல்மூட்டையை இழுப்பது போல இழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "உள்ள இன்னா சார் தேடினீங்க?" என்றார். "சும்மா பார்த்தேன்" என்றேன். அதுதான் உண்மை. கேவலமும் அதுதான்.

சொல்வதுதான் சொல்கிறேன், முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அது நான்கு சக்கரமும் இழுக்கிற, காடு மேடெல்லாம் ஏறுகிற பிக்கப். எனக்கு நிலம் கிடையாது. பால்கனியில் மூன்று தொட்டி இருக்கிறது, அதில் ஒன்றில்தான் செடி. அந்த வண்டி இதுவரை ஏறிய பெரிய மேடு எங்கள் குடியிருப்பின் பார்க்கிங் சரிவு. இதுவரை சுமந்த பெரிய பாரம் நான்.

என் வயதுக்காரர்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்களில் ஒருவர் ஓடாத டேப் ரெக்கார்டரைப் பிரித்துப் போட்டு வீட்டுக்காரம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். இன்னொருவர் முதுகுக்கு பெல்ட் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் ஏதாவது ஆணி அடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு, எந்த வண்டியைக் கண்டாலும் பின் அச்சுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அச்சிலிருந்து முன்னால் போய் வண்டிச் சட்டத்தில் முட்டி நிற்கும் ஒரு கம்பி. என் வண்டியில் அது இல்லை. இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் படுத்தேன்.

அந்தக் கம்பிக்கு டிராக்‌ஷன் பார் என்று பெயர் இருப்பதும், வெளிநாட்டில் அதைக் கடையில் விற்பதும் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. நாங்கள் அதற்கு முட்டுக்கம்பி என்று பெயர் வைத்திருந்தோம். கண்டுபிடித்தது நாங்கள்தான் என்றும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அது முழுப் பரீட்சை லீவு. ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் அந்த வருடம் எதற்கோ வெள்ளையடித்தார்கள்; அதற்கு இடைஞ்சலாக இருந்த பீரோவைக் கூடத்துக்கும் என்னை அத்தை வீட்டுக்கும் நகர்த்தினார்கள். அப்பாவின் தங்கை அவள். விழுப்புரம் போகிற வழியில், கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் அவள் ஊர்.

அத்தை வீட்டுக்காரர், அதாவது மாமா, பந்தல் போடுகிறவர். நாற்காலி, பாத்திரம், சவுண்ட் செட் எல்லாம் வாடகைக்கு விடுவார். அந்தப் பக்கத்தில் காதுகுத்திலிருந்து கருமாதி வரை மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்துதான் நடக்கும். இதையெல்லாம் ஏற்றிப் போக ஒரு ஜீப் வைத்திருந்தார். பட்டாளத்து ஏலத்தில் யாரோ எடுத்து, யாரோ ஓட்டி, யாரோ வெறுத்து, கடைசியில் மாமாவிடம் வந்து சேர்ந்த ஜீப். பின்பக்கத்தை அறுத்துவிட்டு ஒரு தொட்டி வைத்திருந்தார். மேலே நீலப் பெயிண்ட்; நகத்தால் கீறினால் பட்டாளத்துப் பச்சை எட்டிப் பார்க்கும். ஹாரன் வேலை செய்யாது. அதற்குப் பதில் தலைமேல் கட்டிய கூம்பு ஸ்பீக்கர். ஒரு கையால் ஸ்டியரிங்கும் ஒரு கையால் மைக்கும் பிடித்து, "பெரியவரே ஓரம் போங்க, ஆடு மேய்க்கிற அம்மா ஆட்ட புடிங்க" என்று பேசிக்கொண்டே வருவார். வண்டி வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும். மாடுகள்கூட அந்தக் குரலுக்கு ஒதுங்கும்.

அத்தைக்கு ஒரு நிலம் இருந்தது. மஞ்சக்காணி. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது, மஞ்சள் குங்குமச் செலவுக்கு யாரையும் அவள் கேட்க வேண்டாம் என்று பிறந்த வீட்டில் கொடுக்கிற துண்டு நிலம் அது. வாயால் கொடுப்பதுதான், பத்திரமெல்லாம் கிடையாது. வரி அவள் அண்ணன், அதாவது என் பெரியப்பா பெயரில்; பயிர் அத்தை கையில். ஏரிக்கரைக்குக் கீழே, நல்ல வண்டல் மண். அந்த வருடம் அத்தை அதில் தர்பூசணி போட்டிருந்தாள். பச்சைக்கோடு போட்ட பழங்கள் கொடிக்கு அடியில், தாய்ப்பன்றிக்குப் பக்கத்தில் குட்டிகள் படுத்திருப்பது மாதிரி படுத்திருக்கும். சாயங்காலம் மண்ணிலிருந்து சூடும் இலையிலிருந்து ஒரு பச்சை வாசனையும் கிளம்பும்.

பழத்தை வெளியே எடுப்பதுதான் சிக்கல். மாட்டுவண்டி போகிற பாதை பக்கத்து நிலத்தில் இருந்தது. அதை வாங்கியவர் முள்கம்பி போட்டுவிட்டார். தலைச்சுமையாகக் கொண்டுபோகலாம் என்றால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம்; ஆள் அகப்படாது. மிச்சம் இருந்தது ஏரிக்கரை. செங்குத்தான மேடு. மேலே ஏறிவிட்டால் கரையோடு போய் ரோட்டைப் பிடித்துவிடலாம். கூட்டேரிப்பட்டில் தரகரின் லாரி நிற்கும்.

பெரியப்பா திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மேட்டைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு? வெயில்ல கெடந்து கருவாடா போயிட்ட. சவுக்கு வச்சிடலாம். தண்ணி வேணாம், ஆள் வேணாம். நாலு வருசம் கழிச்சி வெட்டினா ஆச்சி. நான் பாத்துக்கிறேன்."

"பழம் நல்லா இருக்குதுண்ணா."

"பழம் நல்லாதான் இருக்குது. கரைக்கு அந்தாண்ட எப்படி போவும்?"

"அவர் ஜீப்புல ஏத்துவாரு."

பெரியப்பா மாமாவின் ஜீப்பைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஜீப் மறக்க முடியாது.

"சரி. இந்த வருசம் உன் பழம் முழுசா போய் லாரி ஏறட்டும், நான் வாயத் தொறக்கல. நெலம் உன்னுது, உன் இஷ்டம். ஏறலன்னா சவுக்கு. அதுக்கப்புறம் அத நான் பாத்துக்கிறேன்."

அத்தை தலையாட்டினாள். மாமாவும் ஆட்டினார். மாமாவை யாரும் கேட்கவில்லை.

முதல் நடை. தொட்டியில் வைக்கோல் பரப்பி, பழத்தை அடுக்கி, உருளாமல் இருக்க மேலே என்னை வைத்தார்கள். மாமா முதல் கியர் போட்டு மேட்டைப் பார்த்து விட்டார். பாதி வரை நன்றாகப் போயிற்று. அப்புறம் தவ்வியது. எப்படிச் சொல்வது? கட்டிப் போட்ட கன்றுக்குட்டி பின்னங்காலை உதைத்துக் குதிக்குமே, அப்படி. தட் தட் தட் தட் என்று பின்பக்கம் முழுதும் எழும்பி எழும்பி விழுந்தது. என் பல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது. எனக்குக் கீழே பழங்கள் ஒவ்வொன்றாக உடையும் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருந்த இடத்தில் அது தெரியவும் தெரிந்தது.

எப்படியோ மேலே ஏறிவிட்டார். ஏறியதும் நிறுத்திப் பார்த்திருக்கலாம். வெற்றி பெற்ற மனிதர் எங்கே நிறுத்துவார்? மைக்கில் "ஓரம் போங்க" சொல்லிக்கொண்டே நேராகக் கூட்டேரிப்பட்டுக்கு விட்டார்.

வண்டியின் பின்னால் சிவப்பாக ஒழுகிக்கொண்டு வந்தது. மேலே ஒரு பையன் தலையிலிருந்து கால் வரை சிவப்பாக உட்கார்ந்திருந்தான். நின்றிருந்த பஸ்ஸிலிருந்து தலைகள் வெளியே வந்தன. டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்து, "யோவ், யாரய்யா ஏத்தின?" என்று மாமாவின் சட்டையைப் பிடித்தார். கூடையோடு நின்ற ஓர் அம்மா என்னைத் தூக்கி இறக்கி, "அய்யோ கொழந்த, எங்கடா கண்ணு அடி?" என்று தலைமயிரை விலக்கி விலக்கித் தேடினார். ஒரு கறுப்பு விதை கிடைத்தது.

"தர்பூசுங்க" என்றேன்.

அந்த அம்மா அதுவரை காட்டிய பாசத்தையெல்லாம் சேர்த்து என் முதுகில் ஒன்று வைத்தார்.

தரகர் ஏறி உள்ளே பார்த்தார். நிறையப் பேசுகிற ஆளில்லை. "நான் பழம் கேட்டேன். நீங்க சாறா கொண்ணாந்துகிறீங்க" என்று இறங்கிவிட்டார்.

இரண்டு நாள் மாமா வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தார். அவருடைய கால் மட்டும் தெரியும். சாப்பாட்டை அத்தை காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். தவ்வுவது ஏன் என்று தெரிய வேண்டும். வண்டியை ஓட்டிக்கொண்டே அடியில் பார்க்க முடியாது. அதனால் மேட்டுக்கு ஓரத்தில், தண்ணீர் அரித்த பள்ளத்தில் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, சக்கரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பட்டாளத்து ஜீப் குதித்துக் குதித்து ஏறியது. பெரியவர்கள் இரண்டு பேரும் என்னிடம் சொன்ன ஒரே எச்சரிக்கை, சட்டையில் மண் ஒட்டாமல் பார்த்துக்கொள் என்பது. அது புதுச் சட்டை.

நான் பார்த்தது இது. அந்த ஜீப்பின் பின் அச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு பட்டைக்கட்டுகள்தான். வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது பட்டை; பள்ளம் மேட்டில் அதுதான் நெளிந்து கொடுக்கும். மேடு ஏறும்போது சக்கரம் மண்ணைப் பின்னால் தள்ளுகிறது. அச்சு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டை மூக்கை மேலே தூக்குகிறது. பட்டை பாம்பாக நெளிகிறது. அதற்குமேல் நெளிய முடியாமல் படாரென்று திரும்புகிறது. சக்கரம் தரையை விட்டு எழும்பி விழுகிறது. மறுபடியும் முதலிலிருந்து.

நான் சொன்னது இவ்வளவு இல்லை. "உருண்ட மூக்கத் தூக்குது மாமா" என்றேன்.

"எவ்ளோ தூக்குது?"

கையைக் காட்டினேன். என் கை மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுக்குள் போய், அத்தை கிண்டி வைத்திருந்த கேப்பைக் களியில் ஓர் உருண்டை எடுத்து வந்து, அச்சு உருண்டையின் தலையில் அப்பினார். மேடேறி வந்து பார்த்தால் களி மேல்தட்டில் போய் அப்பளமாக ஒட்டியிருந்தது. அளவு கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து தெருநாய்கள் எல்லாம் ஜீப்புக்கு அடியிலேயே தூங்க ஆரம்பித்தன.

"மூக்கத் தூக்காம ஒரு முட்டு குடுத்துட்டா போதும்" என்றார் மாமா. பந்தல்காரர் மூளை. சாய்கிற எதற்கும் ஒரு முட்டு. அதைக் குறை சொல்ல முடியாது, யோசனை சரியான யோசனைதான்.

முதல் முட்டுக்கு அவரிடம் இருந்த பொருள் பந்தல் குழாய். ஒரு முனையை அச்சிலும் மறுமுனையை முன்னால் சட்டத்திலும் மாட்டி, அதன்மேல் கயிறும் சுற்றினார். அந்தக் குழாய் எத்தனையோ கல்யாணத்தைத் தாங்கியது. ஜீப்பைப் பாதி மேடுகூடத் தாங்கவில்லை. இறக்கிப் பார்த்தால் முறுக்கு மாதிரி வளைந்திருந்தது.

அத்தை இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "வாழமரம் கட்டுறதுக்கு இருக்கிறதப் போய் வண்டிக்கு வச்சா அது இன்னா பண்ணும், பாவம்."

"கனம் பத்தல. வேற இல்ல."

"அப்ப கனமா எடுத்தாங்க. ஜல்தி. பழம் உங்களுக்காகப் பழுக்காம நிக்குமா?"

மாமா பஸ் ஏறித் திருவெண்ணெய்நல்லூர் போனார். அங்கே அவர் சித்தப்பா மகன் வீட்டில் தண்ணீர் வராத போர் ஒன்று இருந்தது. அதன் குழாயைப் பிடுங்கி, வரும்போது பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வந்தார். "இது யார்ரா லக்கேஜு, பஸ்ஸ விட நீளமா இருக்குது" என்று கண்டக்டர் வழிநெடுகப் புலம்பினாராம். கூட்டேரிப்பட்டு வெல்டரிடம் கொண்டுபோய்ப் போட்டார். வெல்டர் மும்முனை மின்சாரம் வந்தால்தான் வாயைத் திறப்பார். காலையில் வந்ததும் திறந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒட்டிடவா?"

"ஒட்டு. அசையவே கூடாது."

"அசையாது."

மாமாவுக்கு அதுவும் போதவில்லை. சந்து தெரிந்த இடத்திலெல்லாம் ஆப்பு அடித்தார். அவர் தொழிலில் ஆடுவது என்பது அவமானம். முகூர்த்த நேரத்தில் ஒரு கால் ஆடினால் பெண்வீட்டார் பத்து வருடம் சொல்லிக்காட்டுவார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். என்னையும் தொங்கவிட்டுப் பார்த்தார். அசையவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

வெறும் வண்டியை விட்டுப் பார்த்தோம். தவ்வவில்லை! மேட்டில் நூல் பிடித்த மாதிரி ஏறிற்று. மாமா மைக்கை எடுத்து ஊருக்கே அறிவித்தார். கன்றுக்குட்டியைப் பசுவாக்கிவிட்டோம் என்று நினைத்தோம். மறுநாள் பெரியப்பாவுக்கும் சொல்லியனுப்பி, வரவழைத்து, கரைமேல் குடையோடு நிற்கவைத்து, பழம் ஏற்றிக் காட்டினோம்.

ஏறிற்று. தவ்வாமல்தான் ஏறிற்று. ஆனால் மேலே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கல்லும் நேராக முதுகெலும்புக்கு வந்தது. பட்டை நெளியவே இல்லை. கம்பி அதை நெளிய விடவில்லை. ஸ்பிரிங் இருந்த வண்டியை நாங்கள் உரலாக்கி வைத்திருந்தோம். கரை உச்சியில் ஏறித் திரும்பும்போது டமாரென்று ஒரு சத்தம். சட்டத்தில் ஒட்டிய முனை, ஒட்டியதோடு கொஞ்சம் சட்டத்தையும் பிய்த்துக்கொண்டு கீழே தொங்கியது.

பழம் மட்டும் வெளியே ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அந்த நம்பிக்கையில், கயிறு போட்டுக் கம்பியைக் கட்டி, மெல்ல உருட்டிக்கொண்டு லாரிக்குப் போனோம். தரகர் ஒரு பழத்தை எடுத்துக் காதோரம் வைத்து விரல்முட்டியால் தட்டினார். நல்ல பழம் என்றால் கணீரென்று கேட்கும். இது தொப்பென்றது. இன்னொன்று. தொப். கத்தியை வைத்துப் பிளந்தார். உள்ளே சதை கூழாகிக் கிடந்தது.

"நாளான்னைக்கு இந்தப் பக்கம் கடைசி லாரி. அதுக்கப்புறம் நான் மரக்காணம் பக்கம் பூடுவேன்" என்றார் தரகர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பெரியப்பா குடையை மடக்கினார். "சவுக்கு நாத்துக்கு சொல்லிட்டேம்மா. திங்கக்கெழம வந்துடும்."

"கடைசி லாரி இருக்குது இல்ல?"

"இருக்குது..."

"அப்ப நாத்து நிக்கட்டும். நீங்களும் இருந்து பாத்துட்டுப் போங்க."

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பெரியப்பா கெட்டவர் இல்லை. தங்கை வெயிலில் காய்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு. அவர் தீர்க்கப் பார்த்தது வெயிலை. மாமா அச்சைத் தீர்க்கப் பார்த்தார். நான் எப்போது பழத்தைச் சாப்பிட விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை எதைத் தீர்க்கப் பார்த்தாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மதியம் பெரியப்பா சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்துத் தூங்கினார். அதனால் அடுப்படியில் சண்டை தாழ்ந்த குரலில் நடந்தது. அத்தைக்குக் கோபம் வந்தால் முதலில் போவது 'ங்க'.

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"இதவிட கனமா ஒண்ணு வச்சி, நாலு எடத்துல ஒட்டி..."

"அப்புறம்?"

"அசையாம..."

"யோவ், உன்னக் கேக்குறேன். போன ஆடியில அந்த செஞ்சி பக்கத்து நெயினார் வூட்டு கல்யாணத்துக்கு பந்தல் போட்ட. காத்து அடிச்சிது. இன்னா பண்ண?"

"ஆடியில யாரு கல்யாணம் வச்சாங்க? அது ஆவணி."

"ஆவணியே இருந்துட்டுப் போவட்டும். இன்னா பண்ண?"

"இன்னா பண்ணுவாங்க? ஓரத் துணிய அவுத்து தொங்க வுட்டேன். காத்து அது பாட்டுக்குப் போவும். இறுக்கிக் கட்டினா மரத்தோட பிடுங்கிக்கினு..."

மாமா நிறுத்தினார். கையில் சோற்று உருண்டை. அத்தை குழம்பு ஊற்றினாள். மாமா அந்த உருண்டையைச் சாப்பிட்டாரா என்று எனக்கு நினைவில்லை. எழுந்து, கைகூடக் கழுவாமல் போய் ஜீப்புக்கு அடியில் படுத்தார். நாய்கள் கொஞ்சம் தள்ளிப் படுத்து இடம் கொடுத்தன.

கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து குரல் வந்தது. "பட்டைக்கே ஒரு மொனையில சாக்கிள் வச்சிகிறாங்கடா! ஊஞ்சல் மாதிரி ஆடுது பாரு!" எத்தனையோ வருடமாக அவர் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த சாக்கிள்தான் அது. பட்டையின் பின்முனையைச் சட்டத்தோடு சேர்க்கிற இரண்டு இரும்புத் துண்டு. பட்டை நீண்டு சுருங்க இடம் கொடுப்பதற்காக முன்னும் பின்னும் ஆடும். கம்பிக்கும் அதே வேண்டும். அச்சுப் பக்கம் இறுக்கமாக இருக்கட்டும், மூக்கைத் தூக்க விடாது. முன்முனை சாக்கிளில் தொங்கட்டும், பட்டை தன் பாட்டுக்கு நெளியும்.

ஹைவே ஓரத்தில் லாரிக்குப் பட்டை கட்டுகிற கடை ஒன்று இருந்தது. அதன் பின்னால் கிடந்த தேய்ந்த இரும்புக் குவியலில் நானும் மாமாவும் உட்கார்ந்து பொறுக்கினோம். வெயிலில் இரும்பு சுட்டது, விரலை வாயில் வைத்தால் துருச்சுவை. ஒரு சாக்கிள் ஜோடி கிடைத்தது. பட்டைக்காரர் போல்ட்டும் கொடுத்து, "இதுங்கூட கொஞ்சம் ரப்பர் வையுங்க, இல்லன்னா இரும்பும் இரும்பும் தின்னுக்கும்" என்றார். கடையில் ரப்பர் கேட்டால் திண்டிவனம் போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து மாமா, "ரப்பர் வேணும். சாதா ரப்பர் இல்ல, கெட்டி ரப்பர். லாரி டயர் மாதிரி" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் அவர் செருப்பு இருந்தது. லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு. தேயவே தேயாது என்று அவருக்கு அதில் பெருமை. அத்தை வாசல் வரை நடந்து போனாள். ஒரு முறை கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். குனிந்து இரண்டையும் எடுத்து மாமா கையில் கொடுத்தாள்.

"இது மச்சானுது."

"தெரியும். அறுங்க."

மறுநாள் வெல்டர் பிய்ந்த சட்டத்தை ஒட்டிக்கொடுத்தார்; சாக்கிளையும் ரப்பரையும் மாமா மாட்டினார். கடைசி லாரி வந்த அன்று காலையிலேயே சுள்ளென்று வெயில். வைக்கோல் கனமாகப் பரப்பிப் பழம் ஏற்றினோம். இந்த முறை மேலே உட்காரும் பதவி எனக்கு இல்லை. அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?" என்றார் மாமா.

"ஒடையிறதா இருந்தா மொதல்ல எனக்குத் தெரியணும்."

கரைமேல் பெரியப்பா. இரண்டு நாளாகச் செருப்பைத் தேடி, நாய்மேல் பழியைப் போட்டு, மாமாவின் ஹவாய் செருப்பில் கால் நுழையாமல், வெறுங்காலோடு நின்றார்.

மாமா கியர் போட்டார். மைக் ஸ்விட்ச் திறந்தே இருந்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. அன்றைக்கு அந்த ஊர் முழுக்க, மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும், எங்கள் குடும்ப விஷயத்தைக் கூம்பு ஸ்பீக்கரில் கேட்டார்கள்.

"முருகா, முருகா..."

பின்னாலிருந்து அத்தையின் குரல்: "முருகன அப்பால கூப்புடலாம். ரோட்டப் பாரு!"

"ரோடு எங்கடி இருக்குது? மண்ணுதான் இருக்குது!"

பாதி மேடு. எப்போதும் தவ்வுகிற இடம். பின் சக்கரம் மண்ணைத் தோண்டியது. நான் பழைய பள்ளத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சு மூக்கைத் தூக்கப் பார்த்தது. கம்பி விடவில்லை. சாக்கிள் முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. பட்டை அமுங்கியது, எழுந்தது. சக்கரம் தரையை விடவில்லை. பிறகு, இன்ஜின் திணறி நின்றுவிட்டது.

வண்டி பின்னால் நகர்ந்தது. மாமா பிரேக்கில் ஏறி நின்றார். "கல்லு! கல்லு!" என்று ஸ்பீக்கர் அலறியது. நான் பள்ளத்திலிருந்து எழுவதற்குள் யாரோ என்னைத் தாண்டி ஓடி ஒரு பெரிய கல்லைச் சக்கரத்துக்குக் கீழே உருட்டிவிட்டார். பெரியப்பா. குடை எங்கேயோ கிடந்தது. பழத்துமேல் உட்கார்ந்திருந்தது அவர் தங்கை.

"எறங்கும்மா!" என்று கத்தினார்.

"எறங்க மாட்டேன். நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க!"

மறுபடியும் இன்ஜின் உறுமியது. கல்லை விட்டு வண்டி நகர்ந்தது. ஒரே சீராக, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேலே போய்க் கரையில் நின்றது. மேலே அத்தை. கண்ணைத் தவிர எல்லாம் புழுதி. கீழே கையை விட்டு ஒரு பழத்தை எடுத்துத் தட்டினாள். எங்களுக்கெல்லாம் கேட்டது.

கணீர்.

அன்று எத்தனை நடை என்று எண்ணவில்லை. கடைசிப் பழம் லாரி ஏறும் வரை ஓட்டினோம். தரகர் தட்டித் தட்டிப் பார்த்து, குறை எதுவும் கிடைக்காத எரிச்சலோடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டார். அன்று முழுவதும் அந்தக் கரையில் தவ்வியது ஒன்றே ஒன்றுதான்; சுடுமணலில் வெறுங்காலோடு நின்ற பெரியப்பா. ஒரு துண்டு பழத்தை வாங்கி, விதையைத் துப்பிவிட்டு, "சரிம்மா. நாத்து வேணாம்னு சொல்லிடறேன். நெலம் உன்னுது, உன் இஷ்டம்" என்றார். சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படிப்பட்ட மனிதர். பஸ் ஏறும்வரை செருப்பை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மாமா நிதானமாக ஜீப்புக்கு அடியில் படுத்துக் கம்பிக்குக் கிரீஸ் வைத்தார். மனிதர் பூரித்துப்போயிருந்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதல் முறையாக ஒரு முழுப் பழத்தைக் கொடுத்திருந்தார்கள்.

"அடுத்த வருசத்துக்கு இதையே இன்னும் நீளமா பண்ணிடலாம்" என்றது அடியிலிருந்து குரல். "ரெண்டு பக்கமும் ரெண்டு கம்பி வச்சா, இதவிட ரெண்டு பங்கு பழம்..."

"அடுத்த வருசம் வேணாம். சவுக்கு வைக்கலாம்னு இருக்கேன்."

கிரீஸ் பூசிய கை நின்றது. தலை மெல்ல வெளியே வந்தது. "சவுக்கா? அதத்தானே மச்சான் தலபாடா அடிச்சிக்கினாரு?"

"அவர் வச்சா அது அவர் சவுக்கு" என்று அத்தை ஒரு மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டாள். "எழுந்து போய் கைய கழுவுங்க. கிரீஸ் நாத்தம் கொடலப் புடுங்குது."